பெற்றோல் காசோடு முடியும் கணக்கா?



இம்மாதம் ஒரு ஜனாஸாவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் குடும்பத்தவர் ஒருவர் எழுந்து, "மர்ஹூமிடமிருந்து யாருக்காவது கடன் வரவேண்டியிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள்" என்று அறிவிப்பது வழக்கம். நீங்கள் வீட்டுக்குள் இருப்பதால் அந்த அறிவிப்பைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அன்று அறிவிக்க எழுந்தவர் இறந்தவரின் மாமனார். பாதி சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு பக்கத்தில் நின்றவரிடம், "லீசிங் ஒண்டு இரிக்கி எண்டு சொன்னாங்க, எவ்வளவு எண்டு தெரியாதே" என்று மெதுவாகக் கேட்டார். அது முதல் ஸஃப்பில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. யாருக்கும் பதில் தெரியவில்லை.

இறந்தவர் என்னிடம் ஓதிய மாணவர். இருபத்தேழு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போனார். வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர்கூட இல்லை. வீடு கட்டுவதற்காக யாரோ பாதையில் பறித்திருந்த மணலில் முன் சில்லு வழுக்கி, தலை மதகில் அடிபட்டது. தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கியது. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

"அல்லாஹ்வின் நாட்டம்" என்றார்கள் வந்தவர்கள். அப்படிச் சொல்வதுதான் ஈமான். நானும் அதையே சொல்லி அவருடைய வாப்பாவைத் தேற்றினேன். ஆனால், அந்த வார்த்தையோடு எல்லோரும் எழுந்து வந்துவிட்டோம். மணலைப் பற்றியோ, ஆணியில் தொங்கிய தலைக்கவசத்தைப் பற்றியோ ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இத்தா வீட்டுக்குப் போய்வந்த என் மனைவிதான் பேசினார். "அந்தப் புள்ளைக்கு மாசம் எவ்வளவு கட்டினார் எண்டும் தெரியா, இன்னும் எவ்வளவு இரிக்கி எண்டும் தெரியா. சரி, உங்கட வண்டிக்கு மாசம் என்ன செலவு எண்டு எனக்குத் தெரியுமா?"

மாதம் ஐயாயிரத்துச் சொச்சம், பெற்றோல் காசு மட்டும்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, அன்றிலிருந்து என் சட்டைப் பையில் இருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அதில் எழுதத் தொடங்கினார். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை முழு வருடத்துக்கும் அந்தக் கொப்பி எங்கள் வீட்டில் இருக்கிறது. வெட்கத்தோடுதான் அதிலுள்ளதை இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி பழையது, 100 சீசீ, கடன் இல்லாதது. நான் ஓதிக்கொடுக்கும் இடம் வீட்டிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர். வருடத்துக்குப் பெற்றோல் 64,800 ரூபா. நான் சொன்ன ஐயாயிரத்துச் சொச்சம் சரிதான். ஆனால் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். நான்கு தடவை ஒயில் மாற்றியது, பின் டயர், செயின் செற், பிறேக் ஷூ, பற்றரி, மூன்று பங்சர், கராஜ் கூலி, காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம், கிழிந்துபோன மழைக் கோட்டுக்குப் பதிலாக வாங்கியது என்று எல்லாம் சேர்ந்து 46,500 ரூபா. பெற்றோலுக்கு நூறு ரூபா போனால், அதன் பின்னாலேயே எழுபது ரூபா எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மாதக் கணக்கில் ஒன்பதாயிரத்துக்கு மேல். வண்டி தேய்ந்து அதன் விலை குறைவதை நாங்கள் எழுதவில்லை. அதை எப்படி எழுதுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

பஸ்ஸில் போய்வந்திருந்தால் வருடம் நாற்பதாயிரத்தை ஒட்டி முடிந்திருக்கும். அப்படியானால் மோட்டார் சைக்கிளை விற்றுவிடலாமா? இல்லை. எனக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்; அஸருக்கு வீட்டில் இருப்பவன் மஃரிபுக்குப் பிறகுதான் வந்துசேர்வேன். மிச்சப்படும் அந்த நேரத்துக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன். கொடுப்பதில் வருத்தமில்லை. ஆனால் "பஸ்ஸை விட பைக் லாபம்" என்று இத்தனை வருடம் என் மனைவிக்குச் சொல்லிவந்தேனே, அது பொய்க் கணக்கு. உங்கள் வீட்டிலும் அந்தக் கணக்குச் சொல்லப்படுகிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் நேரான பஸ் இருக்கும் வீடுகளில், வெள்ளைச் சீனிக்கும் பால்மாவுக்கும் காசு போதவில்லை என்று சண்டை நடப்பதற்குக் காரணம் சில வேளை வாசலில்தான் நிற்கிறது.

2022 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் மே 24 இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 420 ரூபாவானது. ஜூன் 26 இல் 470. காசு இருந்தவருக்கும் வரிசைதான். பிறகு கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். எனக்கு அது ஓதிக்கொடுக்கப் போய்வருவதற்கே சரியாக இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் மூத்த மகனின் மிதிசைக்கிள். அந்தக் கட்டுப்பாடு 2023 செப்டெம்பரில் நீங்கியது. வீட்டில் ஒரு சைக்கிளை விற்காமல் வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் எப்படித் தப்பினார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால், பழைய வண்டிகள் புதிதாக வாங்கிய விலைக்கும் மேலே விற்கப்பட்டன. 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்தபோதும் பழைய விலை திரும்பவில்லை. ஆகவே முன்னர் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டியை இப்போது லீசிங்கில் வாங்குகிறார்கள். "மாதம் இவ்வளவுதானே" என்று கேட்டு வாங்குகிறார்களே தவிர, "மொத்தம் எவ்வளவு" என்று கேட்பவர் குறைவு. மாதத் தவணையை மாத எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்க ஒரு பென்சில் போதும். வட்டி பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் என்னவாக இருந்தாலும், தவணை பிந்தினால் மேலே மேலே ஏறும் தொகை ஒப்பந்தத்தில் இருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள். விலையை முதலிலேயே தீர்த்துவிட்டுத் தவணையில் வாங்கும் முறாபஹா போன்ற வழிகள் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றிலும் தாளை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது மனைவியும் பக்கத்தில் இருக்க வேண்டும். மரணம் நேர்ந்தால் மிகுதிப் பணம் யார் தலையில் விழும், பிணை நிற்பவர் யார், இந்த இரண்டையும் கையொப்பம் போடும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

இதில் என்ன கூச்சம்? கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தபோது, அவர்கள் தொழுவிக்க முன்வராமல், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுவியுங்கள் என்று விட்டதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததும் புகாரியில் வந்திருக்கிறது. அந்தக் கடன் மூன்று தீனார்.

இனி உயிரின் கணக்குக்கு வருவோம்.

இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்கள். வருடந்தோறும் வீதியில் இறக்கும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரில் பெரும்பங்கு அதை ஓட்டியவர்களும் பின்னால் இருந்தவர்களும். காரில் இருப்பவரைச் சுற்றித் தகடாவது இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்குத் தலையில் போடும் ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு, தலைக்கவசம் மரணத்தை நூற்றுக்கு 42 வீதமும், தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் வருவதை நாங்கள் பயானில் சொல்லாத மாதம் இல்லை. சொல்லிவிட்டு, தொப்பியோடு வண்டியில் ஏறி வீட்டுக்குப் போகிறோம்.

ஆண்கள் தலைக்கவசத்தைப் பொலிஸுக்காகப் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும், சந்திக்கும், மையவாடிக்கும் அது தேவையில்லை என்பது எழுதாத சட்டம். பெண்களின் நிலை வேறு. பின்னால் இருக்கும் உங்களில் பலர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து, பொலிஸார் நிற்கும் இடம் வந்ததும் தலையில் கவிழ்க்கிறீர்கள். பட்டி மாட்டுவதில்லை. பட்டி மாட்டாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்று போய்விடும். "ஸ்காபுக்கு மேலே சரியாக இருக்குதில்லை மௌலவி" என்பீர்கள். உண்மை. அதற்கு வழி, பயணத்துக்கென்று மெல்லிய பருத்தித் துணியில் ஒரு ஸ்காப் வைத்துக்கொள்வது. கொண்டையைப் பின்னால் உயர்த்திக் கட்டினால் தலைக்கவசம் நெற்றிக்கு மேலே ஏறி நிற்கும். கழுத்தோடு தாழ்த்திக் கட்டுங்கள். உள்ளே ஊசி குத்தாதீர்கள். விழும்போது அந்த ஊசி எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கும்போது எஸ்எல்எஸ் 517 தரக் குறி இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் தலைக்கு அளவானதை எடுங்கள். கணவரின் பழையது உங்கள் தலையில் ஆடும்.

அபாயாவும் சில்லும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின் சில்லிலோ செயினிலோ துணி ஒருமுறை பிடித்தால், இருப்பவரை இழுத்துக் கீழே போட ஒரு கணம் போதும். கழுத்தைச் சுற்றிய சால்வை பிடித்தால் அதைவிட மோசம். அபாயாவின் கீழே தளர்வான காற்சட்டை அணிந்து, இரு பக்கத் துணியையும் சேர்த்துத் தொடைக்குக் கீழே அடக்கி அமர்ந்தால் ஔரத்தும் மறையும், சில்லுக்கும் எட்டாது. சில்லுக்குப் பக்கத்தில் துணித் தடுப்பும், செயினுக்கு முழு மூடியும் இல்லாத வண்டியில் பெண்களை ஏற்ற வேண்டாம் என்று ஆண்களுக்குச் சொல்லுங்கள். அழகுக்காக அவற்றைக் கழற்றி வைக்கும் வாலிபர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பக்கமாக அமர்வதா, இரு பக்கமும் கால் போட்டு அமர்வதா என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். 2013 ஜனவரியில் இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் லொக்ஸியுமாவே என்ற நகரில், பெண்கள் கால் போட்டு அமரக்கூடாது என்றே அந்நகர நிர்வாகம் அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. என்னுடைய கருத்தைக் கேட்டால், இதைத் தடுக்கும் ஆதாரம் எதையும் நான் படித்ததில்லை. ஒட்டகத்தில் ஏறும் பெண்களில் குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னதைப் படித்திருக்கிறேன். ஒரு பக்கமாக அமர்பவர் பிடிமானம் குறைந்தவர். பிறேக் பிடித்தால் வழுக்குவார், பாரமும் ஒரு பக்கம் சாயும். உடை மறைவாக இருக்கும்போது கால் போட்டு, இரு கால்களையும் மிதியில் வைத்து அமருங்கள். ஸ்கூட்டியில் தாமே பாடசாலை போகும் ஆசிரியைகளைப் பற்றியும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அனுமதிப்பத்திரமும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று மட்டும்தான் நான் கேட்பேன்.

பிள்ளைகள் விடயத்தில் நான் கொஞ்சம் கடினமாகவே எழுதுகிறேன், மன்னியுங்கள். சட்டம் பின்னால் ஒருவரைத்தான் அனுமதிக்கிறது. நம் ஊர்களில் ரேங்கின் மேல் ஒன்று, இருவருக்கும் நடுவில் ஒன்று, உம்மாவின் கையில் கைக்குழந்தை. கல்யாண வீட்டிலிருந்து இரவு பதினொரு மணிக்குத் திரும்பும்போது ரேங்கில் இருக்கும் பிள்ளை தூங்கிவிடும். தூங்கும் பிள்ளைக்குப் பிடி இல்லை. நம் கிழக்கில் இரவில் மாடுகள் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கிடக்கும். கறுப்பு எருமை வெளிச்சத்திலும் தெரியாது. முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாவை அந்த இரவுக்கு மட்டுமாவது மிச்சம் பிடிக்காதீர்கள். அல்லது பிள்ளைகளை மச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் இது அதிகம் தெரியாது. 1993 ஜூனில் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி வீதி விபத்துக்கள் பற்றித் தீர்மானம் எடுத்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து ஒழுங்குகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றும், ஓட்டுபவர் தம் தவறால் பிறருக்கு ஏற்படுத்தும் உயிர், உடல், பொருள் சேதத்துக்குப் பொறுப்பாளி என்றும் அதில் இருக்கிறது. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவருக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆம் வசனம் பரிகாரம் விதிக்கிறது. அடிமை இல்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. இடையில் காரணமின்றி ஒரு நாள் விட்டால் திரும்ப முதலிலிருந்து. இறந்தது அந்நியராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் தன் கவனக்குறைவால் தன் வண்டியிலிருந்த தன் பிள்ளையின் மரணத்துக்குக் காரணமானாலும் இதுதான் சட்டம். பிள்ளையை அடக்கிவிட்டு வந்து அறுபது நாள் அந்த நோன்பைப் பிடிக்கும் வாப்பாவை நினைத்துப் பாருங்கள். அவருக்கு நாம் "கத்ர்" என்று ஆறுதல் சொல்லலாம். அந்த நோன்பை அவருக்காக நாம் குறைத்துவிட முடியாது.

ரமழானில் இன்னும் கவனம் தேவை. அஸருக்குப் பின் பள்ளிக் கஞ்சியை வாளியில் வாங்கி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிவரும் பையன்களை அனுப்புவது நீங்கள்தான். நடந்து போகச் சொல்லுங்கள். அதானுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சந்தியில் பறப்பவர்கள் எல்லாம் பேரீச்சம்பழத்துக்காகவே பறக்கிறார்கள். தொழுகைக்குக்கூட ஓடி வராதீர்கள், அமைதியாக வாருங்கள், கிடைத்ததைத் தொழுது தவறியதைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கும்போது, நோன்பு திறக்க ஏன் இவ்வளவு வேகம்? "எங்க நிக்கிறீங்க, இன்னும் வரல்லையா" என்று அந்த நேரத்தில் தொலைபேசி எடுக்காமல் இருப்பது உங்கள் பங்கு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டு பதில் சொல்வார்.

வீதியில் நாமும் தொந்தரவு போடுகிறோம். கல்லும் மணலும் பறித்துவிட்டு மாதக்கணக்கில் விடுகிறோம். நெல்லைத் தாரில் காயவிட்டு, அதன் ஓரத்தில் கல் வைக்கிறோம். பாதையிலிருந்து தொந்தரவு தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம் அல்லவா? அந்த மதகின் பக்கத்து மணல், மூன்றாம் நாள்தான் அள்ளப்பட்டது.

ஓ.எல். பாஸ் பண்ணிய மகனுக்குப் பைக் வேண்டும் என்று வாப்பாவிடம் பேசிக்கொடுப்பதும் பெரும்பாலும் உம்மாமார்தான். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை ஓட்டி யாரையாவது மோதினால் காப்புறுதி கையை விரிக்கும். அனுமதிப்பத்திரம் இருந்தாலும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி மோதப்பட்டவருக்குத்தான். ஓட்டியவருக்கோ அவருடைய வண்டிக்கோ அதில் ஒன்றும் கிடைக்காது. வீட்டில் இருக்கும் காப்புறுதித் தாளை இன்றைக்கே எடுத்து எந்த வகை என்று பாருங்கள்.

விபத்து நடந்துவிட்டால், அடிபட்டவரை இழுத்து முச்சக்கர வண்டியில் மடித்துப் போடாதீர்கள். கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அந்த இழுவையில் கை கால் விளங்காமல் போகலாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் தொடங்கிய அச்சேவை இப்போது நாடெங்கும் இருக்கிறது. வரும்வரை அசைக்காமல், மூச்சு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். தலைக்கவசத்தை நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸுபஹுக்குப் பள்ளிக்குப் போகும்போது நான் தலைக்கவசம் போட்டதில்லை. முந்நூறு மீற்றர்தானே. இப்போது அதிகாலையில் கதவைத் திறந்தால் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பள்ளி வாசலில் அதைக் கழற்றும்போது வாலிபர்கள் சிரிக்கிறார்கள். சிரித்தவர்களில் இருவர் சென்ற வாரம் தாங்களும் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பிள்ளையின் இத்தா முடிந்துவிட்டது. இரண்டாம் வாரத்திலேயே லீசிங் கடிதம் வந்திருந்தது. வண்டியைத் திருப்பி எடுத்து விற்றார்கள். விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை. பிணை நின்றவர் அவளுடைய நானா. ஒவ்வொரு மாதமும் பத்தாம் திகதி அவர் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வருகிறார். துண்டைத் தங்கையிடம் கொடுக்கிறார், அவள் ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கிறாள். இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.